ஆமை எண்ணிய பத்து மூச்சு

ஒரு காட்டில், குழந்தைகளே, எறும்புகூட ஏறாத நீலப் பாறை ஒன்று இருந்தது. குகைக்குள் கிடந்த அந்தப் பாறை பகலிலும் மினுங்கும். அதன் பக்கத்தில் நின்றால் யாருக்கும் நிழல் விழாது.

அங்கே போய்வரத் துணிந்தது ஓர் அணில் மட்டும்தான். விதைப்பதற்கு முன் வெண்டை விதைகளைப் பாறைமேல் பரப்பும். பத்து மூச்சு விடும்வரை காத்திருக்கும். பிறகு அள்ளிக்கொண்டு ஓடிவந்துவிடும். அந்த விதைகள் முந்தி முளைத்தன. செடி நிறையக் காய் பிடித்தது. தின்ற அணில் பிள்ளைகள் தெம்பாகத் துள்ளின.

புதருக்கு அந்தப் பக்கம் ஒரு காட்டுப்பன்றி இருந்தது. கிழங்கெல்லாம் தீர்ந்துபோய், அதன் ஐந்து குட்டிகளுக்கும் விலா எலும்பு தெரிந்தது. பாவம், அதனிடம் மிச்சம் இருந்ததே ஒரு பிடி வெண்டை விதைதான்.

"அணிலு, அந்த வித்தையை எனக்கும் சொல்லேன்!"

"பத்து மூச்சு, பன்றியக்கா. பதினொண்ணு ஆகக் கூடாது."

பத்து மூச்சுக்கே இவ்வளவு காயா! பன்றிக்குக் குறுக்குப் புத்தி முளைத்தது. குளத்துக்கு ஓடி ஆமையைக் கூட்டி வந்தது.

"அண்ணே, ஒரு தடவை மூச்சை இழுத்தா எவ்வளவு நேரம் தாங்குவீங்க?"

"இந்த மரத்து நிழல் அடுத்த மரத்துக்குப் போற வரைக்கும்."

"அப்போ நீங்கதான் எண்ணணும். அணிலு பத்து மூச்சுன்னுதான் சொல்லுச்சு, யாரோட மூச்சுன்னு சொல்லலையே!"

குகைக்குள் பன்றி ஒரு பிடி விதையையும் பாறைமேல் பரப்ப, ஆமை எண்ணத் தொடங்கியது. ஏழாவது மூச்சில் எண்ணுவதை நிறுத்தியது.

"போதும்மா. என் ஓட்டுக்குள்ள என்னமோ முனகுது."

"எண்ணுங்க அண்ணே!"

எட்டு. ஒன்பது. பத்து.

விதைத்த மூன்றாம் நாளே எல்லாம் முளைத்துவிட்டன. ஒவ்வொன்றிலும் இரண்டு இலை. பன்றிக்குப் பெருமை தாங்கவில்லை.

ஐந்தாம் நாளும் இரண்டு இலை. இருபதாம் நாளும் அதே இரண்டு இலை. வளரவில்லை, வாடவும் இல்லை. காற்றடித்தபோது காடே ஆடியது, அந்த வரிசை மட்டும் ஆடவில்லை. ஒரு புழுகூட அவற்றைக் கடிக்கவில்லை.

பன்றி பயந்துபோய் அணிலிடம் ஓடியது.

"நீ சொன்ன பத்து மூச்சுதானே வச்சேன்!"

"யாரு எண்ணினது?"

"ஆமையண்ணன்."

அணில் தன் நெஞ்சைக் காட்டியது. அது படபடவென்று ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

"என்னோட பத்து மூச்சு ஒரு கொட்டாவி நேரம்தான், அக்கா. விதை ஏதாவது மிச்சம் இருக்கா?"

"ஒண்ணுகூட இல்லையே!"

"என் செடியும் காய்ச்சு ஓய்ஞ்சு போச்சே" என்றது அணில்.

பன்றி திரும்பி வந்தது. ஐந்து குட்டிகளும் அந்த வரிசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தன.

"அம்மா, இது எப்பம்மா காய்க்கும்?" என்று கடைக்குட்டி கேட்டது.

பன்றி அதன் விலா எலும்புகளைப் பார்த்தது. பிறகு குனிந்து இலைகளை மறுபடியும் எண்ணியது. இரண்டுதான்.

நீதி: அறிந்தவர் சொன்ன அளவை நம் ஆசைக்காக நீட்டினால், நீள்வது பசிதான்.