நிழல் குடித்த மரங்கள்

ரொம்ப ரொம்பக் காலத்துக்கு முன்னே, கிணற்றுத் தண்ணீர் கைக்கு எட்டிய காலத்துக்கும் கயிற்றுக்கே எட்டாமல் போன காலத்துக்கும் நடுவிலே, கூவளபுரி என்று ஒரு ராஜ்யம் இருந்தது. கூவளபுரிக்கு ஒரு பெரிய ஏரி. ஏரிக்கு ஒரு நீளமான கரை. அந்தக் கரை முழுக்கத் தேடினாலும் ஒரு மரம் கிடையாது.

மரம் நடவில்லையா என்று கேட்பீர்கள். நட்டார்கள், வருஷா வருஷம் நட்டார்கள்! ஊரில் ஏரிக்கரைக் கூட்டம் என்று ஒன்று இருந்தது. கூலி வாங்காமல், தானே முன்வந்து வேலை செய்யும் நல்லவர்கள் கூடிய கூட்டம். ஊர்ப் பிள்ளைகளைக் கூட்டி வைத்து, தண்ணீரை வீணாக்காதே, குப்பையை ஏரியில் கொட்டாதே, மரத்தைப் பிள்ளை மாதிரி வளர்த்துவிடு என்று சொல்லிக் கொடுப்பார்கள். ஆடி பிறந்தால் கரையில் மரம் நடும் விழா. மேளம் கொட்டும், ராஜா பொன் மண்வெட்டியோடு வருவார், பிள்ளைகள் ஆளுக்கொரு கன்று நட்டுப் பாட்டுப் பாடுவார்கள். வெல்லமும் பொரியும் கொடுத்ததும் எல்லாரும் வீட்டுக்குப் போவார்கள்.

போனவர்கள் போனவர்கள்தான். அடுத்த ஆடிக்குத்தான் திரும்பி வருவார்கள். அதற்குள் கன்று காய்ந்து குச்சியாகியிருக்கும். குச்சியைப் பிடுங்கி எறிந்துவிட்டு, அதே குழியில் புதுக் கன்றை வைப்பார்கள். குழி தோண்டும் வேலை மிச்சம் என்று அதில் ஒரு சந்தோஷம் வேறு.

கரையோரப் பாறையில் ஒரு செம்போத்து உட்கார்ந்திருக்கும். தவிட்டு நிறச் சிறகு, நெருப்புக் கங்கு போலக் கண். உட்கார ஒரு கிளை இல்லாத பறவை. ஒவ்வொரு ஆடியும் கூட்டம் கலைந்ததும் அது கத்தும்:

"நட்டாச்சு, பாட்டும் பாடியாச்சு, வீட்டுக்கும் போயாச்சு!"

பறவை ஏதோ கத்துகிறது என்று யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

அந்தக் கூட்டத்தில் பூவாத்தா என்று ஒருத்தி. பொரி வறுப்பதும் பிள்ளைகளை வரிசையில் நிறுத்துவதும் அவள் வேலை. எதற்கெடுத்தாலும் பதறுகிறவள். கணவன் உப்பு வண்டியோடு போய்க் காய்ச்சலில் செத்தபிறகு அவளுக்கு இருந்தது ஒரே மகள், அரும்பு.

அரும்பு ஒரு மாதிரிப் பிள்ளை. சொன்னதை அப்படியே நம்புகிறவள். மரத்தைப் பிள்ளை மாதிரி வளர்க்கச் சொன்னார்களே என்று, தன் புங்கங்கன்றுக்குத் தினமும் தண்ணீர் கொண்டுபோவாள். குடித்து மிஞ்சிய தண்ணீர், அரிசி கழுவிய தண்ணீர், எது கிடைத்தாலும் ஒரு சிறு செம்பில். கோடையில் கன்று காய்ந்து குச்சியான பிறகும் ஊற்றினாள். மாட்டுப்பட்டி ஓரத்துக் கடைசிக் குழி அவளுடையது.

"காஞ்ச குச்சிக்குப் பால் கறந்து ஊத்துடி!" என்று மற்றப் பிள்ளைகள் சிரித்தார்கள். அரும்பு காதில் வாங்கவில்லை.

இப்படி இருக்கையில் ஓர் ஆடியில் மாயக்காரன் ஒருவன் வந்தான். பச்சைக்கண்ணன் என்று பேர். தோளில் காலி மூட்டை, கையில் ஒரு கூடை கன்று. ஒவ்வொன்றும் மரகதம் மாதிரி மின்னியது.

"தண்ணி வேண்டாம், வேலி வேண்டாம், காவல் வேண்டாம். நட்ட மூணாம் நாள் ஆள் உயரம். ஒருநாளும் வாடாது" என்றான்.

கூட்டத் தலைவர் ஏகாம்பரத்துக்கு வாயெல்லாம் பல். "விலை என்ன சாமி?"

"விலையா! பிள்ளைங்க கையால நடட்டும். நடும்போது 'என் மரம்'னு ஒரு வார்த்தை சொல்லட்டும். எனக்கு அது போதும். அடுத்த ஆடிக்கு வந்து பார்த்துட்டுப் போறேன்."

பிள்ளைகள் ஓடி வந்து நட்டார்கள். அரும்பு மட்டும் தன் குழியை மறைத்துக்கொண்டு நின்றாள்.

"அம்மா, என் மரம் இன்னும் சாகலைம்மா. அடியில உசுரு இருக்கு."

"ஊரே பாக்குதுடி, மானத்தை வாங்காதே! குச்சியைக் கட்டிக்கிட்டு அழுவியா? அந்தச் செம்பைக் கீழே வை" என்று பூவாத்தா அவள் கையிலிருந்ததைப் பிடுங்கிப் போட்டாள். பக்கத்துக் குழியில் மாயக்கன்றை வைக்கச் செய்தாள். அரும்பு அழுதுகொண்டே சொன்னாள்: "என் மரம்."

செம்போத்து பாறையிலிருந்து கத்தியது: "நட்டாச்சு, பாட்டும் பாடியாச்சு, வீட்டுக்கும் போயாச்சு!"

மூன்றாம் நாள் கரை முழுக்கப் பச்சை. ராஜா வந்து பார்த்து முத்துமாலை கொடுத்தார். ஏகாம்பரம் அதைக் கழற்றாமலே தூங்கினார். இனிப் பிள்ளைகளுக்கு என்னத்தைச் சொல்லிக் கொடுப்பது என்று கூட்டமும் கலைந்துவிட்டது.

புரட்டாசியில் ஒருநாள் பூவாத்தா மகளோடு மாயமரங்களுக்கு அடியில் நடந்தாள். உச்சந்தலை சுட்டது. அண்ணாந்து பார்த்தால் இலை அடர்ந்து கிடக்கிறது. குனிந்து பார்த்தால் மண் வெள்ளை வெளேர் என்று கிடக்கிறது. அத்தனை மரத்துக்கும் நிழல் இல்லை. ஒரு குருவி கிளையில் உட்காரப் போய் வழுக்கி விழுந்தது. பூவாத்தாவின் நிழல் கருகருவென்று பக்கத்தில் வந்தது. அரும்பின் நிழலோ கழுவி விட்ட மை மாதிரி வெளிறிக் கிடந்தது.

கார்த்திகையில் அது புகை போல ஆனது. தை பிறந்தபோது நிழலே இல்லை. நிழல் போன பிள்ளையை வெயில் சும்மா விடுமா? வாசலுக்கு வந்தால் தோல் கொப்பளித்தது. ஊரில் நட்ட பிள்ளைகள் எல்லாருக்கும் அதே கதி. கதவைச் சாத்தி, சன்னலில் சாக்கைத் தொங்கவிட்டு, இருட்டில் படுக்க வைத்தார்கள். விளையாட ஒரு பிள்ளை இல்லாத தெருவைப் பார்த்திருக்கிறீர்களா? பார்க்கவே வேண்டாம்.

பூவாத்தா ஏரிக்கரைக்கு ஓடி, அரிவாளால் மாயமரத்தை வெட்டினாள். வெட்டு விழுந்த இடம் உடனே கூடிக்கொண்டது. வீட்டில் அரும்பு அலறிய சத்தம் கரை வரைக்கும் கேட்டது. அரிவாளைப் போட்டுவிட்டு மண்ணில் விழுந்து அழுதாள்.

"அழுதாச்சு. அடுத்து என்ன, வீட்டுக்குப் போறதா?" என்றது ஒரு குரல்.

நிமிர்ந்தாள். பாறையில் செம்போத்து.

"நீயா பேசினே?"

"எத்தனை வருஷமாப் பேசறேன்! அந்தப் பச்சைக்கண்ணன் முதல்ல கெடுத்தது என் ஊரைத்தான். தன் நாட்டுல மரம் எல்லாத்தையும் வெட்டித் தின்னுட்டு, ஒதுங்க நிழலில்லாம, ஊர் ஊரா வந்து பிள்ளைங்க நிழலைத் திருடறான். அத்தனையும் தைச்சு அரண்மனைக்குப் பந்தல் போடறான். இந்த மரம் குடிச்சு வைக்கும். அவன் ஆடிக்கு வந்து மூட்டையில கறந்துக்கிட்டுப் போவான். போயிட்டா, பிள்ளைங்க அவ்வளவுதான். என் ஊர்ல இப்போ தூளி கட்டின வீடு ஒண்ணு இல்லை."

"ஐயோ, இதை ஏன் முன்னாடியே சொல்லலே?"

"பறவை வாயைத் திறந்தா நீங்க கல்லைத்தானே எடுக்கறீங்க?"

"வழி சொல்லு தாயே. உன் காலைப் பிடிக்கிறேன்."

"அவன் கூரையில தூங்கியிருக்கேன். தூக்கத்துல உளறுவான். மனுஷக் கை தண்ணி ஊத்தி வளர்த்த மரத்தோட நிழல் மூட்டை மேல விழுந்தா, மூட்டை கிழியுமாம். ஒரு மரம் போதும். அதைச் சொல்லிட்டு விழுந்து விழுந்து சிரிப்பான்."

"ஏன் சிரிக்கணும்?"

"பாட்டுப் பாடற ஊரைத்தான் அவன் தேடிப் போவான். அங்கே அப்படி ஒரு மரம் இருக்காதுன்னு அவனுக்குத் தெரியும்."

பூவாத்தா கரையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஓடினாள். எத்தனை ஆடி! எத்தனை கன்று! அத்தனை நல்லவர்கள் கூடி நட்டதில் ஒன்று, ஒரே ஒன்று பிழைத்திருக்கக் கூடாதா? கடைசியில் மாட்டுப்பட்டி ஓரம் வந்து நின்றாள். அரும்பின் குச்சி சாய்ந்து கிடந்தது. விரல் நகத்தால் அடியைக் கீறினாள். உள்ளே, நூல் கனத்துக்கு, பச்சை.

அவள் பிடுங்கிப் போட்ட செம்பு அங்கேயே மண்ணில் புதைந்து கிடந்தது.

மாயமரங்கள் ஏரியையும் குடித்திருந்தன. நடு ஏரியில் ஊற்றுத் தோண்டினால் ஒரு குடம் ஊற அரைப் பகல் ஆகும். ஒருத்தி கையால் ஆகிற காரியமா? உதவி கேட்டுப் போனாள்.

முதலில் ஏகாம்பரத்திடம் போனாள். "அண்ணே, தண்ணி தூக்க ஆள் வேணும்."

"கவலையே படாதே தங்கச்சி. வர்ற ஆடிக்குப் பாரு, இன்னும் பெரிசா ஒரு விழா எடுத்துடலாம்."

அடுத்து ராஜாவிடம் போனாள். ராஜா பாவம், நல்லவர்தான். "பொன் மண்வெட்டி இருக்கிறது, தருகிறேன். குடம் தூக்குவது ராஜ வழக்கத்தில் இல்லையே அம்மா" என்று வருத்தப்பட்டார்.

கடைசியில் பிள்ளைகளைப் பெற்ற தாய்மாரிடம் போனாள். அவர்கள் வந்தார்கள். குடமும் குடமுமாக வந்து, குச்சிக்குப் பொட்டு வைத்து, கும்மியடித்து, தண்ணீர் ஊற்றினார்கள். மறுநாள் இரண்டு பேர். அதற்கு மறுநாள் யாரும் இல்லை. காய்ந்த குச்சியை நம்பி எத்தனை நாள் வருவார்கள்? வீட்டில் பிள்ளை முனகுகிறதே.

"ஊத்தியாச்சு, கும்மியும் அடிச்சாச்சு, வீட்டுக்கும் போயாச்சு!" என்றது செம்போத்து.

"வாயை மூடு. நான் இருக்கேன்ல?" என்றாள் பூவாத்தா.

மாசி போனது, பங்குனி போனது. காலையில் ஊற்று, சாயங்காலம் குச்சி, நடுவில் மகள். அவள் நம்பிக்கையோடு ஊற்றினாள் என்று நினைக்காதீர்கள். ஒவ்வொரு குடத்துக்கும், இது வீண், இது வீண் என்று மனசு சொன்னது. கால் மட்டும் நடந்தது.

"அம்மா, என் மரம் என்ன செய்யுது?" என்று இருட்டிலிருந்து கேட்பாள் அரும்பு. குரல் நாளுக்கு நாள் தேய்ந்தது.

"தூங்குதுடி கண்ணு."

சித்திரையில் குச்சியின் அடியில் ஒரு துளிர் வந்தது. அதை ஆடு மேய்ந்துவிட்டது. பூவாத்தா தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். பிறகு முள் வெட்டி வந்து வேலி கட்டினாள். வைகாசியில் மறுபடி துளிர்த்தது. ஆனியில் இடுப்பு உயரத்தில் ஒல்லியாக ஒரு கிளை, அதில் கொஞ்சம் இலை. அவ்வளவுதான். அதன் நிழல் ஒரு முறம் அகலம்கூட இல்லை.

ஆடி பிறந்தது. உச்சி வெயிலில் பச்சைக்கண்ணன் வந்தான். ஒவ்வொரு மரமாகத் தட்டினான். மரம் கருப்பாக ஒன்றைக் கக்கியது, அவன் மூட்டையில் திணித்தான். வீடுகளுக்குள்ளே ஒவ்வொரு பிள்ளைக்காகப் பேச்சு நின்றது. தாய்மார் ஓலம் தெருத்தெருவாக எழுந்தது. கடைசியாக அரும்பின் மரம். அதையும் கறந்து மூட்டையைக் கட்டினான்.

பூவாத்தா அவன் பக்கத்தில் போனாள். அவனைத் தள்ளிவிடலாமா? மாயக்காரனைத் தள்ள முடியுமா? மெல்லச் சொன்னாள்: "வெயில்ல நிக்கிறீங்களே சாமி. மூட்டை கனம். கொஞ்சம் இறக்கி வெச்சுட்டுப் போங்க."

அவனுக்கும் தலை சுட்டது. அவன் கொடுத்த மரங்களுக்குத்தான் நிழல் கிடையாதே! சுடுகிற கால் நிழலைத் தேடித் தானாகப் போகும். அவன் காலும் போனது. மாட்டுப்பட்டி ஓரம் கருப்பாக ஏதோ தெரிய, நிமிர்ந்துகூடப் பார்க்காமல் பக்கத்தில் மூட்டையை இறக்கினான்.

நிழலுக்கும் மூட்டைக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி.

போச்சு, எல்லாம் போச்சு என்று பூவாத்தா கண்ணை மூடினாள். அப்போது தலைக்கு மேல் படபடவென்று சத்தம். செம்போத்து பாறையை விட்டுப் பறந்து வந்து, புங்கங்கிளையின் நுனியில் உட்கார்ந்தது. கனத்த பறவை. கிளை வளைந்தது, வளைந்தது, இலையின் நிழல் மண்ணில் ஊர்ந்தது, மூட்டையைத் தொட்டது.

மூட்டை கிழிந்தது. கருப்புப் பறவைக் கூட்டம் மாதிரி நிழல்கள் எழுந்து ஊரைப் பார்த்து ஓடின. மாயமரங்கள் மளமளவென்று பொடியாக உதிர்ந்தன. பச்சைக்கண்ணன் அவற்றைக் கட்டிப்பிடிக்கப் போய், ஒதுங்க இடமில்லாமல், வெயிலில் பனி போலக் கரைந்தான்.

சாக்கைக் கிழித்துக்கொண்டு பிள்ளைகள் தெருவுக்கு வந்தார்கள். எல்லாப் பிள்ளைகளும் வரவில்லை. ரொம்பச் சின்னதுகள் சில, நிழல் வந்து சேருவதற்குள் போய்விட்டன. அந்த வீடுகளுக்கு எந்தக் கதையாலும் ஆறுதல் சொல்ல முடியாது. அரும்பு வந்தாள். அவள் நிழல் சல்லடை மாதிரி, அங்கங்கே வெளிச்சம் ஒழுகியது. கடைசி வரை அப்படியேதான் இருந்தது.

ராஜா வண்டி நிறையப் பொன் அனுப்பி, வேறென்ன வேண்டும் என்று கேட்டார்.

"பொன்னை வெச்சு ஏரியைத் தூர் வாருங்க மகாராஜா. எனக்கு, இந்தப் பழைய குழியெல்லாம் மூடணும். இனிமே நடறவங்க புதுசாத் தோண்டி நடட்டும். தோண்டின கைதான் தண்ணியும் ஊத்தணும். ஊத்த முடியாதவங்களுக்கு மேளமும் வேண்டாம், பொரியும் வேண்டாம்."

ராஜாவே குனிந்து முதல் குழியை மூடினார். ஏகாம்பரம் முத்துமாலையைக் கழற்றி வைத்துவிட்டு, அவருக்குப் பின்னால் மண் சுமந்தார்.

அடுத்த ஆடிக்கு ஏரிக்கரைக் கூட்டம் மறுபடி கூடியது. மேளம் இல்லாததால் பாதிப் பேர் வரவில்லை. வந்தவர்கள் கொஞ்சமாக நட்டார்கள், கொஞ்சமாகப் பாடினார்கள். பாட்டு முடிந்ததும் புங்கமரத்தில், கூட்டில் முட்டை வைத்திருந்த செம்போத்து கழுத்தை நீட்டியது.

"நட்டாச்சு, பாட்டும் பாடியாச்சு..."

அதற்கு மேல் சொல்லவில்லை. மறுநாள் காலை வரைக்கும் காத்திருந்து பார்த்தது. விடிந்ததும், சல்லடை நிழல் ஒன்று முன்னால் விழ, அரும்பு செம்போடு வந்துகொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் இன்னும் சில செம்புகள் வந்தன. வழியெல்லாம் தண்ணீரைச் சிந்தாதே, சிந்தாதே என்று பதறிக்கொண்டே பூவாத்தா.

கதை கரையேறியது. ஊற்றிய செம்பு வீடு திரும்பியது.