கார்டுக்குப் போய்ச் சேராதது

“எழுதிட்டேன்னு சொல்லிச்சே மேடம். நம்பிக் கெட்டேனே,” என்றார் கஸ்பார்.

படகு இருக்கும் இடத்தை நொடிக்கு நொடி பதிந்து வைக்கும் பெட்டி அது. அதன் இயங்குதளத்தின் மையமான கர்னலுக்குள் ஓடும் நிரலை எழுதியவர் கஸ்பார். மீனவர் ரெமிஜியுஸின் படகு கடலில் கவிழ்ந்து, பெட்டி மட்டும் யாருடைய வலையிலோ சிக்கிக் கரைக்கு வந்திருந்தது. கடைசி இடம் தெரிந்தால் உடலையாவது தேடலாம். பெட்டிக்குள் இருந்த மெமரி கார்டில் அது இல்லை. கஸ்பாருக்கு மனசே விட்டுப்போயிற்று.

அவருக்குக் கர்னல் வேலை கற்றுக்கொடுத்தவர் நிலோபர். கஸ்பாரைவிட வயதில் சின்னவர். அதிகம் பேசமாட்டார்.

“சோதிச்சுப் பாத்தியளா?”

“எழுதினதும் திரும்பப் படிச்சுப் பாத்தேன். ஒவ்வொரு தடவையும் அப்படியே இருந்துச்சு.”

நிலோபர் இன்னொரு பெட்டியை எடுத்து மேசையில் வைத்தார்.

“எழுதுங்க. படிங்க.”

கஸ்பார் எழுதினார். படித்தார். இருந்தது.

நிலோபர் மின்வயரைப் பிடுங்கி, மறுபடி செருகினார்.

“இப்பப் படிங்க.”

ஒன்றும் இல்லை.

எழுதக் கொடுத்ததை, மின்சாரம் போனால் அழிந்துவிடும் கேஷ் என்ற தற்காலிக நினைவகம் தன்னிடமே வைத்திருந்தது. கார்டுக்குச் சாவகாசமாகத்தான் அனுப்பும், அது அதன் வழக்கம். படிக்கக் கேட்டபோது பதில் சொன்னதும் அதே கேஷ்தான். கார்டை இந்த மனுஷன் ஒரு நாளும் கேட்டதே இல்லை. இத்தனை வருஷம் வேலை பார்த்து என்ன பிரயோசனம்?

“கேஷை விட்டுட்டு நேரா கார்டுல எழுதியிருந்தா?”

“கார்டு பதில் சொல்ற வரைக்கும் காத்துக் கெடக்கணும்,” என்றார் நிலோபர்.

“அந்தச் சங்கடத்துக்குப் பயந்துதான் கேஷ்கிட்ட விட்டேன்.” கஸ்பார் தலையில் அடித்துக்கொண்டார்.

நிலோபர் ஆறுதல் சொல்லவில்லை.

“ரெமிஜியுஸ் வீட்டுல சொல்லியாச்சா, பெட்டியில ஒண்ணும் இல்லன்னு?”

“மீனவர் சங்கத் தலைவர்ட்ட சொல்லிட்டேன் மேடம். ரெமிஜியுஸ் பெண்சாதி பிலோமினாகிட்ட அவர் சொல்லிடுவார்.”

“சொல்லிட்டாரா?”

“சொல்லிட்டதாத்தான் சொன்னார்.”

“பிலோமினாவக் கேட்டியளா?”

கஸ்பார் போனை எடுத்தார்.

முதல் மணியிலேயே பிலோமினா எடுத்துவிட்டாள்.

“எடம் தெரிஞ்சிருச்சாண்ணே?”