மான் படுத்த புல்

ஜமீன் தொழுவத்தில் சங்கிலிக்கோன் மேய்த்த பசுக்கள் காய்ச்சலில் சுருண்டு கிடந்தன. புதிதாக வேலைக்கு வந்த இருளாயியின் பசுக்களோ குடம் குடமாகக் கறந்தன. அது அவன் கண்ணை உறுத்தியது.

"எசமான், இவள் செய்வினை வைத்துவிட்டாள்" என்றான்.

"இல்லையென்று நாளை நிரூபி. முடியாவிட்டால் ஊரைவிட்டுப் போ" என்று இருளாயியிடம் சொன்னார் ஜமீன்தார்.

மறுநாள் இருளாயி ஒரு கட்டுப் பசும்புல்லைச் சபையில் பரப்பினாள். "உட்கார்ந்து பேசட்டுமா, எசமான்?"

"நேற்று வந்தவளுக்கு மெத்தை கேட்கிறதோ? நகரு" என்று சங்கிலிக்கோன் அதில் சம்மணமிட்டு அமர்ந்தான்.

அவள் விலகி நின்றாள். புகாரைத் தொடங்கியவன் பாதியில் தொடையைச் சொறிந்தான், பிறகு முதுகை. அவன் வேட்டியில் உண்ணிகள் ஊர்ந்தன.

"எங்கே அறுத்த புல் இது?" என்றார் ஜமீன்தார்.

"காட்டு மான்கள் படுக்கும் சரிவில், எசமான். கொழுத்த புல் என்று இந்தச் சங்கிலி அண்ணன் தம் மாடுகளை மட்டும் அங்கே மேய்ப்பார், என்னை அண்டவிடாமல் மொட்டை மேட்டுக்கு விரட்டிவிடுவார். மான்மேல் இருந்து உதிரும் உண்ணிகள் இவை. மானை வாட்டாத நோய், இவை கடித்தால் மாட்டைச் சாய்த்துவிடும்."

ஜமீன்தார் திரும்பினார். "செய்வினை என்றாயே?"

"அது கிடக்கட்டும் எசமான்" என்றான் சங்கிலிக்கோன், சொறிந்தபடியே. "இவள் மேய்க்கிற மொட்டை மேட்டில் எனக்கும் பாதி வேண்டும்."