நாவல் மரத்துக்குக் கொடுத்த வாக்கு

நியாயம் பிரித்துச் சொல்வதில் விருப்பம் உள்ளவர்கள் இதைக் கவனமாகக் கேளுங்கள். முடிவில் உங்களிடம்தான் கேட்கப்போகிறேன்.

மலைச்சரிவில் கரட்டுக்குடி என்று ஓர் ஊர். எந்த செல்போன் டவரும் எட்டாத பள்ளம். அந்த ஊருக்கு இணைய வசதி கொண்டுவரப் பூங்கோதையும் காதர் மைதீனும் கூட்டாகத் தொழில் தொடங்கினார்கள். பூங்கோதை கோயம்புத்தூரில் ஒரு நெட்வொர்க் கம்பெனி வேலையை விட்டுவிட்டு வந்தவள். காதர் கம்பம் ஏறி ஆன்டெனா கட்டுவதில் கைதேர்ந்தவன். கம்பி இழுக்கும் வேலை இதில் கிடையாது. அடிவார நகரத்து மாடியில் ஓர் ஆன்டெனா, மலை முகட்டில் ஓர் ஆன்டெனா. இரண்டும் ஒன்றையொன்று நேருக்கு நேர் பார்க்க வேண்டும். முகட்டிலிருந்து ஊர் வீடுகளுக்கு இணைப்பு இறங்கும். நடுவில் எதுவும் மறைக்கக் கூடாது, அவ்வளவுதான்.

முகட்டில் நகரமும் ஊரும் சேர்ந்தாற்போல் தெரிகிற இடம் ஊர்க்காரர் மாயழகின் காப்பித் தோட்டத்தில் இருந்தது. கேட்டதும் அவர் கம்பம் நட இடம் தந்தார். வாடகை வேண்டாம் என்றார். பிறகு, சரிவில் நின்ற ஒரு நாவல் மரத்தைக் காட்டினார்.

“எம் மக நட்டு வச்சது. அந்த வருசமே காய்ச்சல்ல போயிட்டா. இதுல ஒரு கொப்பைக்கூட நீங்க வெட்டக் கூடாது. வெட்டலாமான்னு எங்கிட்ட வந்து கேக்கவும் கூடாது.”

“கேக்கவும் கூடாதாண்ணே?” என்றாள் பூங்கோதை.

“கேட்டா எனக்கு இல்லைன்னு சொல்ல வராது தாயி. அப்புறம் தெனமும் அந்த வெட்டுக்காயத்தைப் பாத்துக்கிட்டு நான்ல இருக்கணும்.”

இருவரும் வாக்குக் கொடுத்தார்கள். அன்றைக்கு மரம் கம்பத்துக்கு வெகு கீழே இருந்ததால் வாக்கு பாரமாகத் தெரியவில்லை.

இணைப்பு வந்தது. ஊரின் துணை சுகாதார நிலையத்து நர்ஸ் அமலிக்குத்தான் அதில் பெரிய நிம்மதி. மழைக்காலத்தில் பாதை அரித்துப் போனால் டாக்டர் மேலே வர முடியாது. இனி வீடியோவிலேயே நோயாளிகளைப் பார்ப்பார்.

சில வருடங்களில் நாவல் நன்றாக வளர்ந்துவிட்டது. ஒரு மழைக்காலத்தில் அதன் உச்சிக் கிளை இரண்டு ஆன்டெனாக்களுக்கும் நடுவே வந்து நின்றது. இலை நனைந்தால் இணைப்பு அறுந்துவிடும். மழையோ விடுவதாக இல்லை. பாதையும் போய்விட்டது. அதே சமயத்தில் எட்டு மாத கர்ப்பிணியான சுகந்திக்குக் கால் வீங்கி, ரத்த அழுத்தம் ஏறியிருந்தது. டாக்டர் அவளைப் பார்த்தாக வேண்டும்.

பூங்கோதை கிளையைத் தொடவில்லை. மாயழகிடமும் போகவில்லை. தோட்டத்துக்கு அப்பால் ஒரு பாறை இருந்தது; அங்கே கம்பத்தை மாற்ற முடிவு செய்தாள். சிமென்ட்டையும் பேட்டரியையும் மழையில் தலைச்சுமையாக ஏற்றினாள். அது முடியப் பல நாளாகும்.

“வாக்குக் குடுத்தது நாம காதரு. அதோட சுமையையும் நாமதான் தூக்கணும்.”

“நாம எங்கக்கா தூக்குறோம்? சுகந்தில்ல தூக்குது” என்றான் காதர்.

அவள் அடுத்த மூட்டையை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டாள்.

அன்று மதியம் அமலி காதரை வழியில் நிறுத்தி, லைன் ஏன் வரவில்லை என்று கேட்டாள். “மாயழகு அண்ணன் தோட்டத்து நாவல் மரம் மறைக்குது சிஸ்டர். ஒரு கிளைதான். நீங்க போய் அவர்கிட்டச் சொல்லுங்க” என்றான். வாக்கைப் பற்றி அவளிடம் சொல்லவில்லை.

அமலி நேரே தோட்டத்துக்குப் போனாள். சுகந்தியின் நிலைமையைச் சொல்லி, அந்தக் கிளையை வெட்டித் தர முடியுமா என்று கேட்டாள். மாயழகு முழுதும் கேட்டுக்கொண்டார். வீட்டுக்குள் போய் அரிவாளை எடுத்து வந்தார். வேறு யாரையும் ஏற விடாமல் தானே ஏறி, அந்த ஒரு கிளையை மட்டும் இறக்கினார். இறங்கியதும் அதன்மேல் கையை வைத்தபடி நனைந்துகொண்டே உட்கார்ந்திருந்தார்.

இணைப்பு வந்தது. டாக்டர் பார்த்தார். உடனே கீழே கொண்டுவரச் சொன்னார். ஊர் ஆட்கள் டோலி கட்டிச் சுகந்தியைத் தூக்கிப் போனார்கள். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள்.

மறுநாள் மாயழகு கம்பத்தடிக்கு வந்தார். “நர்ஸம்மாவுக்கு மரத்தைப் பத்தி யார் சொன்னது?”

“நான்தாண்ணே” என்றான் காதர்.

அவர் அவனை ஒரு முறை பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்.

இப்போது சொல்லுங்கள். வாக்கு பிசகாமல் மழையில் மூட்டை சுமந்தவள் பூங்கோதை. இன்னொருத்தி வாயால் கேட்க வைத்தவன் காதர். எதுவும் தெரியாமல் போய்க் கேட்டவள் அமலி. இவர்களில் யார் செய்தது சரி?

பலரும் அமலி என்பார்கள். ஆனால் அவள் முன்னால் இரண்டு வழி இருக்கவில்லை. எந்த நர்ஸும் செய்வதைச் செய்தாள். பூங்கோதை வாக்கைக் காக்கத் தன் உடம்பை வருத்தினாள்; அது போதாது. ஆபத்தில் காத்திருந்தது சுகந்தியின் உயிர், அவளுடையது அல்ல. ஆகவே சரியானதைச் செய்தவன் காதர். வாக்கை மீறியவனும் அவனே. அடுத்தவர் வாயால் கேட்டாலும் கேட்டதுதான். ஆனால் அவன் பிழை மீறியதில் இல்லை. மீறுவதென்று முடிவான பிறகு, தானே போய் மாயழகின் முகத்தைப் பார்த்துக் கேட்டிருக்க வேண்டும். ஒன்றும் அறியாத பெண்ணை அனுப்பியிருக்கக் கூடாது. மாயழகு மறுபடி அவனோடு பேச அடுத்த கோடை வரை ஆயிற்று. அதுவரை தோட்டத்தைக் கடக்கும்போதெல்லாம் அவன் நின்று வணக்கம் சொல்வான், பதில் வராது, அதில் அவனுக்கு வருத்தம் உண்டு, புகார் கிடையாது.