மூன்று வாளிச் சாம்பார் சாதம்

அரசு மருத்துவமனை ஒன்றில் சாப்பாட்டு வண்டி தள்ளிக்கொண்டிருந்தாள் இசக்கியம்மாள். வண்டியில் மூன்று வாளிகள். உப்பில்லாதது, காரமில்லாதது, சாதாரணம் என்று ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். ஆனால் மூன்றும் ஒரே அண்டாவில் மொண்ட சாம்பார் சாதம்தான்.

“யாகூப் பாய்க்குக் கிட்னி கோளாறு. கால் வீக்கம் வடியவே இல்லைங்கய்யா. உப்பில்லாம தனியா ஆக்கக் கூடாதா?” என்று சமையலறை மேலாளர் தாமோதரனிடம் கேட்டாள்.

“வண்டி தள்ளுறவளுக்கு வைத்தியம் எதுக்கு? நாளைக்குச் சென்னையிலிருந்து டாக்டரம்மா பார்வையிட வர்றாங்க. ஏதாவது சொன்னே, வேலை போயிடும்!”

அவள் தலையாட்டினாள்.

மறுநாள் டாக்டரம்மா வந்தபோது எந்த வாளியிலும் சீட்டு இல்லை.

“சீட்டு எங்கே?” என்று அதட்டினார் தாமோதரன்.

“கழுவுறப்போ கழண்டுடுச்சுங்கய்யா. மாத்தி ஒட்டினா நோயாளிக்கு ஆபத்து. நீங்க ருசி பார்த்துச் சொன்னா ஒட்டிடறேன்” என்று கரண்டியை நீட்டினாள்.

டாக்டரம்மா முன்னால் தாமோதரனால் மறுக்க முடியவில்லை. மூன்றையும் ருசி பார்த்தார். நெற்றி வியர்த்தது. நடுவாளியைக் காட்டி, “இதுதான் உப்பில்லாதது” என்றார்.

டாக்டரம்மா அதில் ஒரு வாய் சாப்பிட்டார். பிறகு மற்ற இரண்டிலும். நேராக, உப்பில்லாச் சாப்பாடு என்று எழுதியிருந்த யாகூப் பாயின் கட்டிலருகே போனார்.

“எத்தனை நாளா இதைச் சாப்பிடறீங்க?”

“பதினோரு நாளும்மா.”

அன்று மதியமே உப்பில்லாச் சோறு தனி அடுப்பில் வெந்தது. முதல் கவளத்திலேயே முகம் சுளித்தார் யாகூப் பாய்.

“என்னம்மா, சப்புனு இருக்கு!”

இசக்கியம்மாள் சிரித்தாள். கண் கலங்கியது.