பத்தொன்பது ஸாரி

“ஆறு மாசமா அந்தப் பொண்ணுகிட்ட ரெண்டு கையால அடிக்கக் கத்துக்கிட்டே. மேட்ச்னா மட்டும் ஒத்தைக் கையால வெண்டைக்காய் நறுக்குறே. இதுக்கு எதுக்குடி விடியக்காலைல எழுந்து போறே?”

டபுள்ஸில் தன் ஜோடியான கோமதி சொன்னதை ஓர் எழுத்து விடாமல் ஒப்பித்துவிட்டு, ஜெசிந்தா பந்துக் கூடையைக் காலால் தள்ளினாள்.

“இதையே நான் உன்கிட்ட கேட்கிறேன், கோச். என்னத்தைக் கத்துக்கொடுத்தே?”

கோச் இலக்கியாவுக்கு வயது இருபத்தெட்டு. ஜெசிந்தாவுக்கு நாற்பத்தேழு. திருநெல்வேலியில் அந்த டென்னிஸ் கிளப்பில் அவளிடம் இப்படிப் பேசியவர்கள் கோர்ட்டைப் பத்துச் சுற்று ஓடியிருக்கிறார்கள். ஜெசிந்தாவை அவள் ஓடவிடவில்லை. ராக்கெட்டை எடுக்கச் சொன்னாள்.

இருபது பந்துகளை இடப்பக்கமாகவே போட்டாள். தோள் திரும்பி, இரண்டு கையும் சேர்ந்து, பார்க்கவே அழகாக அடித்தாள் ஜெசிந்தா. பதினெட்டு உள்ளே விழுந்தன.

“இங்கே வருது. அங்கே ஏன் வர மாட்டேங்குது?”

“சனிக்கிழமை முதல் பந்தை ரெண்டு கையாலதான் அடிச்சீங்க. வெளியே போச்சு. அப்புறம் என்ன செஞ்சீங்க மேடம்?”

“கோமதிகிட்ட ஸாரி சொன்னேன். நான் கான்வென்ட்ல படிச்சவ, மரியாதை தெரியும்.”

“அன்னிக்கு மொத்தம் எத்தனை ஸாரி?”

“அதை எவ எண்ணுவா.”

“நான் எண்ணினேன். பத்தொன்பது. ஆறு மாசத்துல என்கிட்ட ஒண்ணுகூட சொன்னதில்லை.”

“உன்கிட்ட எதுக்குச் சொல்லணும்? நீயா என்கூட சேர்ந்து தோக்கப்போறே?”

இலக்கியா பந்துகளைப் பொறுக்கினாள். சற்று நின்றுவிட்டு ஜெசிந்தாவும் குனிந்து பொறுக்கினாள். அது அவள் வழக்கமில்லை.

“சரி. மேட்ச்சுல அது எப்போ வரும்?”

“அதை அடிச்சுத் தோத்த பிறகு.”

“அதான் சனிக்கிழமை தோத்தாச்சே.”

“அது பழசுல தோத்தது. புதுசுல நீங்க இன்னும் தோக்கவே இல்லை மேடம்.”

ஜெசிந்தாவுக்கு முகம் சிவந்தது.

“நாளைக்கு மேட்ச்லயும் தோத்தா போட்டியை விட்டே வெளியே. கோமதிக்கு அடுத்த மாசம் முழங்கால் ஆபரேஷன். அதுக்கப்புறம் அவ ராக்கெட்டையே தொடக் கூடாதாம். பதினொரு வருஷமா ஒரு கப்புக்காக என்னைக் கட்டிக்கிட்டு அழறா. அவளைப் பணயம் வச்சா நான் பழகணும்?”

“அவங்க என்ன சொன்னாங்க?”

“புதுசை அடின்னுதான்.”

“எப்ப சொன்னாங்க?”

“தோத்து முடிச்சு ஷூவைக் கழட்டறப்ப.”

இலக்கியா சிரிக்கவில்லை. “நாளைக்கு ஸாரி மட்டும் சொல்லாதீங்க. அதுக்கு மேல கத்துக்கொடுக்க என்கிட்ட எதுவும் இல்லை.”

மறுநாள் காலை மேட்ச், ஒரே செட். ஜெசிந்தா முதல் பந்தை இரண்டு கையால் அடித்தாள். அது பின் வேலியில் போய் மோதியது. அடுத்தது வலையில். கோமதி திரும்பிப் பார்த்தபடி நின்றாள். வர வேண்டிய வார்த்தை வரவில்லை.

“என்னடி, வாயில கொழுக்கட்டையா?”

ஜெசிந்தா அடுத்த பந்துக்குத் தயாராக நின்றாள்.

மூன்றாவது கேமில் ஒன்று உள்ளே விழுந்தது. பிறகு இரண்டு. “இதைத்தான் நான் அப்பவே சொன்னேன்” என்று கோமதி தோளில் தட்டினாள். பிறகு வரிசையாக நான்கு வெளியே போயின. அதோடு தட்டுவது நின்றது.

எதிரே ஆடியவர்கள் முட்டாள்கள் அல்ல. எல்லாப் பந்தையும் ஜெசிந்தாவின் இடப்பக்கத்துக்கே அனுப்பினார்கள். ஒவ்வொரு தடவையும் இரண்டு கையும் எழுந்தன. சில விழுந்தன. பல விழவில்லை.

நான்குக்கு ஐந்து என்று பின்தங்கியிருந்தார்கள். எதிர்ப்பக்கம் சர்வ். இந்த ஒரு பாயிண்ட் போனால் மேட்ச் முடிந்தது, கோமதியின் டென்னிஸும் முடிந்தது.

வலையருகே நின்ற கோமதி நொண்டிக்கொண்டே பின்னால் வந்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“நான் அன்னிக்குச் சொன்னதை விடு. இதை மட்டும் ஒத்தைக் கையால தட்டி விட்டுடு. உள்ளே விழுந்தாப் போதும்.”

ஜெசிந்தா வேலிக்கு அப்பால் பார்த்தாள். இலக்கியா தலையைக் குனிந்து கூடையில் பந்துகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

ஜெசிந்தா கோட்டுக்குப் பின்னால் போய் நின்றாள். இடது கையையும் கைப்பிடிக்கு இறக்கினாள்.

“உன்னைத்தான் கேட்கிறேன், ஜெசி. இந்த ஒண்ணு மட்டும்.”

ஜெசிந்தா இடது கையை எடுக்கவில்லை, ஸாரியும் சொல்லவில்லை.