முதல்வர் எழுதிய நூல்

நூல் எழுதுகிறேன் என்று ஓராண்டாக வகுப்புப் பக்கமே போகாத கல்லூரி முதல்வர் திருவேங்கடநாதனுக்கு, அலுவலகக் கணினிகளை மாற்றும் நாளில் பழி போட ஓர் ஆள் கிடைத்தாள்: ஒப்பந்த ஊழியர் செண்பகவல்லி.

தாளாளரை அருகில் வைத்துக்கொண்டே உறுமினார். "தினமும் உட்கார்ந்து அடிச்ச என் நூல் இந்தப் பழைய கம்ப்யூட்டர்லதான் இருக்கு. புதுசுக்கு மாத்தும்போது ஓர் எழுத்து தொலைஞ்சாலும் உன் வேலை போச்சு!"

பழைய கணினியின் சுவிட்சை நோக்கிப் போன விரலைச் செண்பகவல்லி மடக்கிக்கொண்டாள்.

"மாத்திடறேன் சார். அதுக்கு முன்னாடி தாளாளர் ஐயா ஒரு தடவை பார்த்துக்கட்டும். போன ஆயுத பூஜைக்குச் சுவிட்ச் மேல நான் அப்பின சந்தனம் காஞ்சு, கீறல் விழாம அப்படியே இருக்கு. தினமும் எப்படி சார் ஆன் பண்ணீங்க?"

முதல்வர் கைக்குட்டையோடு பாய்ந்தார். தாளாளர் அவர் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"விடுங்க. வருஷம் பூரா தொடாததை இப்ப எதுக்குத் தொடறீங்க?"